வயர் வேண்டாம்

கிட்டாரை அவள் தொடவில்லை. சோபாவில் சாய்த்து வைத்திருந்ததைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

செர்ரிப் பழ நிறம். வயலினில் இருப்பதுபோல நெஞ்சில் இரண்டு வளைந்த துளைகள். விளிம்பில் ஓரிடத்தில் வண்ணம் பெயர்ந்து கட்டை தெரிந்தது.

"செமி ஹாலோ மேடம்," என்றார் தயாளன். "நடுவுல கட்டை. ரெண்டு பக்கமும் காலி."

தெரியும் என்பதுபோல் தலையசைத்தாள்.

விளம்பரத்தில் போட்டிருந்ததை அவர் திரும்பவும் சொன்னார். கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப் இரண்டில் ஒன்று வேலை செய்யாது. ஆம்ப்ளிஃபயரில் போட்டால் சில நேரம் கரகரக்கும். அதனால்தான் இவ்வளவு மலிவு. விற்கிறவர்போல இல்லை. குறைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார்.

"வாங்கினப்போ ஒரு மாசம் வாசிச்சாரு," என்றது சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல். "அப்புறம் அதுமேலதான் துண்டு காயப் போட்டுட்டிருந்தோம்."

தயாளன் அதைக் கேட்காதவர்போல, "வாசிக்கிறது யாரும்மா, பையனா?" என்றார்.

"வீட்டுக்குத்தான்."

அது பதிலில்லை. ஆனால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

"இருங்க, வயர் எடுத்துட்டு வர்றேன். சத்தத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

உள்ளறைக்குப் போனார். கட்டிலுக்கடியில் பெட்டிகளை இழுக்கும் சத்தம். சமையலறையில் கடுகு வெடித்தது.

கூடத்தில் அவளும் கிட்டாரும்.

அவள் வீட்டில் கணவரின் கிட்டார், இதேபோல் ஒன்று, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தச் சின்ன வீட்டில் வேறு இடமில்லை. காலையில் காபி கலந்துவிட்டு, சமையலறையிலிருந்து கணவரைக் கூப்பிடுவாள். முதலில் கம்பிகள் அதிரும். யாரும் தொடாமலே, ஒரு முனகல்போல. பிறகுதான் அவர் வருவார்.

"எனக்கு முந்தி அது பதில் சொல்லிடுது," என்பார்.

அவர் இறந்த நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த ஸ்டான்லி அந்தக் கிட்டாரைத் தனக்குக் கேட்டான். கல்யாண வரவேற்புகளில் அவரோடு வாசித்தவன். சும்மா நின்றால் பாழாகிவிடும் அக்கா என்றான். சரிதானே என்று தோன்றியது. அவளே துடைத்து, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள். இப்போது அவனும் அதுவும் மாலத்தீவில் ஏதோ ஓட்டலில்.

கொடுத்த மறுவாரம், பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் கலந்துவிட்டாள். கூப்பிட்டும்விட்டாள்.

ஒன்றும் அதிரவில்லை.

அவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கிட்டாரும் இல்லை என்பதைத்தான் மறந்துபோயிருந்தாள்.

இதற்கு முன் கடையில் இரண்டு பார்த்தாள். இரண்டும் முழுக்கட்டை. கூப்பிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எதிரில் நின்று பலமாக இருமினாள். கம்பிகள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைக்காரர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இங்கே யாருமில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இருபத்தாறு வருடமும் ஒரே சொல்தான். ஆறு மாதமாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏங்க."

போதவில்லை. இது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடும் குரல். ஒரு சுவர் தாண்டிப் போகவேண்டும். ஃபேன் சத்தத்தையும் தாண்டவேண்டும்.

"ஏங்க, காபி."

கம்பிகள் அதிர்ந்தன. தாழ்வாக. அவள் வாயை மூடிய பிறகும் அந்த அதிர்வு கொஞ்ச நேரம் நீடித்தது.

"இதோ வந்துட்டேன்," என்றது உள்ளறையிலிருந்து ஓர் ஆண் குரல்.

அவள் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

தயாளன் கையில் வயரோடு வந்தார். நேராகச் சமையலறைப் பக்கம் திரும்பி, "எங்க காபி?" என்றார்.

கரண்டியோடு மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் எப்ப கூப்பிட்டேன்? இப்பதானே குடிச்சீங்க."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான்தான்."

தயாளனுக்கு ஒன்றும் புரியவில்லை. வயரின் நுனியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டாரைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உக்காருங்கக்கா. காபி நான் போடுறேன்."

"வாசிச்சுக் காட்டட்டுமா மேடம்?" தயாளன் வயரைத் தூக்கிக் காட்டினார்.

"வயர் வேண்டாம். இதையே எடுத்துக்கிறேன்."

திரும்பும்போது ஆட்டோவில் கிட்டாரை மடிமேல் நிறுத்தி, உறையோடு அணைத்துக்கொண்டாள்.

பெரம்பூர் பாலத்தில் பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. உறைக்குள் கம்பிகள் அதிர்ந்தன. அடுத்து ஒரு லாரிக்கு அதிர்ந்தன. ஆட்டோக்காரர் குறுக்கே வந்தவனை, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார். அதற்கும்.

யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

ஜிப்பைக் கொஞ்சம் திறந்தாள். உள்ளே கைவிட்டு, கம்பிகளின்மேல் உள்ளங்கையைப் பதித்தாள்.

வீடு வரும்வரை எடுக்கவில்லை.