கைதட்டு

எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். இனி தீர்ப்பு மட்டும்தான்.

அவன் எழுந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தான். எத்தனையோ வருடமாகப் பட்டிமன்றப் பேச்சாளன். நடுவர் நாற்காலி இந்த அம்மன் கோயில் கொடை விழாவில்தான் வாய்த்தது.

விட்டுக்கொடுப்பதில் விஞ்சி நிற்பவர்கள் ஆண்களா, பெண்களா?

பெண்கள் அணிக்குத் தலைவி பொன்ராணி. அவன் மனைவி.

ஒரு ஊரில் ஆள் குறைகிறதே என்று அவன்தான் அவளை முதன்முதலில் மேடையேற்றினான். தானே போய்த் தேடிக்கொண்ட வினை. இப்போது போஸ்டரில் அவள் படம்தான் பெரிது. கமிட்டிக்காரர்கள் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள். இந்த நாற்காலியும் அவள் சொல்லி வந்ததுதான்.

சற்றுமுன் அவள் பேசியபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

தொண்டையைச் செருமினான். வழக்கப்படி இரண்டு அணியின் வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். தொழிலில் சுத்தம் அவன். ஆண்கள் அணி எங்கே நொண்டியது என்று காட்டினான். பொன்ராணி சொன்னதைப் பொன்ராணியைவிட நன்றாகச் சொன்னான். படிப்படியாக, ஒன்றின்மேல் ஒன்றாக.

முன்வரிசைப் பெண்கள் கைதட்டத் தயாராகிவிட்டார்கள்.

இனி வரப்போவது என்னவென்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ஆகவே..."

திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஆகவே, விஞ்சி நிற்பவர்கள் ஆண்களே!"



"ஏட்டி, இவருக்கு என்ன ஆச்சு? நல்லாத்தான பேசிக்கிட்டு வந்தாரு!" முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகவே கேட்டாள்.

ஒரு கைகூட எழவில்லை. ஜெயித்த அணிக்காரர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

 இனி எந்த ஊரில் எவன் அவனைக் கூப்பிடுவான்?

பொன்ராணி நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தாள். அவனைப் பார்த்துப் பலமாகக் கைதட்டினாள்.

கூட்டம் கொஞ்சம் விழித்தது. பிறகு பிடித்துக்கொண்டது. விசிலும் குலவையுமாக மைதானமே அதிர்ந்தது.

அவன் கைகூப்பி நின்றான்.

அத்தனை பேரும் அவளைப் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.