நிழல்ல நிக்காதீங்க

டீ நேரத்தில், அடித்தளத்திலிருந்த கேமரா கண்காணிப்பு அறையில் அவனுடைய போன் அடித்தது.

"வெளியே போயிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"வெயில்லதாம்மா நிக்கறேன்" என்றான், நாற்காலியில் சாய்ந்தபடியே.

"புளுகாதீங்க. ஜன்னலே இல்லாத ரூம்ல உட்கார்ந்துதான் எலும்பெல்லாம் வலிக்குது. தினமும் கொஞ்ச நேரம் உடம்புல வெயில் படணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? எழுந்திருங்க!"

பக்கத்து சீட்டில் இருந்த சீனியர் சிரித்தார். "ஊரையே கண்காணிக்கறது நாம. உன்னைக் கண்காணிக்கறது உன் பொண்டாட்டியா? எப்படிய்யா கண்டுபிடிக்கறாங்க? வாசல்ல யார்கிட்டயாவது சொல்லி வெச்சிருக்காங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். நீங்களே வந்து பாருங்க."

இருவரும் வெளியே வந்தார்கள். அவன் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். உடனே போன்.

"நிழல்ல நிக்காதீங்க. முன்னாடி வாங்க. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கோங்க. கருகற வரைக்கும் நிக்க வேணாம், நான் சொன்னதும் உள்ளே போயிடணும்."

சீனியர் தெருவின் இரண்டு பக்கமும் தேடினார். ஒரு பெண்ணையும் காணோம்.

"எங்கேய்யா இருக்காங்க?"

அவன் எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் உச்சியைக் காட்டினான். அங்கே ராட்சத கிரேனின் கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரு கை ஆடியது.

"கிரேனை ஓட்டறதே அவதான் சார். மேல இருந்து பார்த்தா மனுஷங்க எல்லாம் எறும்பு மாதிரி இருப்பாங்களாம்" என்று பதிலுக்குக் கையாட்டினான் அவன். "ஆனா எது அவ எறும்புன்னு மட்டும் எப்படியோ தெரிஞ்சிடுதாம்."