கருப்பனுக்கு ஒரு கிண்ணம்

'பனிமலையை அடக்கிய பசுமலை வேங்கையே!' என்று காளவாசலில் தங்கப்பாண்டிக்குப் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். படத்தில் பறப்பது போலிருந்தாலும், அதை எடுத்த நொடியில் அவர் விழுந்துகொண்டிருந்தார்.

ஜப்பானில் அன்று பனிச்சறுக்கப் போய், பொடிப்பனிக்குள் தலைகீழாகப் புதைந்து, மூச்சு முட்ட, "கருப்பா!" என்றார். ஒரு கை காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது. சுற்றிப் பார்த்தால் ஆளில்லை. மனைவி ரோகிணி வெகுதூரத்தில் நின்றாள்.

அடிவாரக் கடையில் இருவருக்கும் நூடுல்ஸ் சூப் சொன்னார். கடைக்காரம்மா மூன்று கிண்ணம் வைத்து, காலி நாற்காலிக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். எழுந்தபோது மூன்றுமே காலி.

ஊர் திரும்பியதும் பேரையூர்க் கருப்பசாமிக்குக் காணிக்கையாகப் புதுச் செருப்பு கொண்டுபோனார்.

"சாமிகிட்டயாச்சும் உள்ளதச் சொல்லுங்க. அங்கயும் பறந்தேன்னுறாதீங்க," என்றாள் ரோகிணி.

பூசாரி தவசி சாமியின் பழைய செருப்பை எடுத்துவந்தார். "ராத்திரி நடக்குற சாமி, செருப்பு தேயுறது வழக்கந்தான். இது என்னான்னு பாருங்கண்ணே."

பங்குனி வெயிலில் செருப்புக்குள் வெள்ளைவெளேரென்று பொடிப்பனி. தங்கப்பாண்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். தவசி அதிலேயே ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியில் பூசினார்.

காளவாசலில் இறங்கி, நின்று பிளக்ஸைக் கழற்றச் சொன்னபோதும் நெற்றி சில்லென்றிருந்தது.