படித்துக் காட்டக் கேட்டேன்

கல்குவாரிப் பள்ளத்தில் புருஷனைத் தள்ளிக் கொன்றவனின் பெயரை, எழுத்தறியாத பூவாயி ஸ்டேஷனில் சொன்னாள். ஏட்டு தங்கப்பழம் எழுதி முடித்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக் காட்டினார். அவள் அழுத இடத்தில் தானும் நிறுத்தி, தண்ணீர் கொடுத்தார்.

“சரியா இருக்காம்மா?”

“நான் சொன்னபடியே இருக்கு ஏட்டய்யா.”

அவள் பேச்சை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நிம்மதியாகக் கைநாட்டு வைத்தாள்.

கோர்ட்டில் வக்கீல் அதே தாளை வாசித்தார். புருஷன் குடித்துவிட்டுத் தானே தவறி விழுந்தானாம். யார் பெயரும் அதில் இல்லை. “படித்துக் காட்டக் கேட்டேன், சரி” என்று முடிந்திருந்தது.

“இது உங்க கைநாட்டுதானேம்மா?” என்றார் ஜட்ஜ்.

பூவாயி திரும்பி ஏட்டைப் பார்த்தாள். அவர் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.