பொறுப்பேற்பவர் கையெழுத்து

மதிய வெயில் தனியார் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து ஸ்ட்ரெச்சரில் விழுகிறது. நெஞ்சுவலியோடு கிடக்கும் வெல்டரின் உதடுகள் நீலம் பாரித்திருக்கின்றன. அவன் மனைவியிடம் கவுன்டர்க்காரர் படிவத்தை நீட்டுகிறார். "செலவுக்குப் பொறுப்பு யாரும்மா? கையெழுத்து போட்டாத்தான் உள்ள கொண்டு போவாங்க." எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்றால் அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்று சுவர் டிவியில் நாலு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். துணைக்கு வந்த கணவனின் அண்ணன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் படிவத்தை வாங்குகிறாள். பேனா வியர்வையில் வழுக்குகிறது. வெல்டர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்குகிறான். "வேணாம்டி... பிள்ளைங்க படிப்பு இருக்கு. வீட்டுக்குப் போயிடலாம்." "பேசாம இருங்க" என்று மாஸ்க்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகையால் கையெழுத்துப் போடுகிறாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகிறது, கதவு மூடிக்கொள்கிறது. "அவசரப்பட்டுட்டியேம்மா" என்று இப்போதுதான் அண்ணன் திரும்புகிறார். அது அவள் காதில் ஏறவில்லை. உள்ளே உருண்டுபோன சக்கரச் சத்தம் ஏன் நடுவழியில் சட்டென்று நின்றுவிட்டது, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் அவளுக்குப் பதறுகிறது.