கேபிள்காரர் தெருவில் ஒரு டிஷ்

"டேய், அந்த டிஷ்ஷை இறக்கு! இல்லேன்னா அதோட சேர்த்து உன்னையும் இறக்குவேன்!"

தெருவிலிருந்து கிளம்பிய குரல் மொட்டை மாடி வரை வந்தது. டிஷ் மாட்ட வந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவர் கேபிள்காரர். இந்தப் பக்கம் பதினொரு தெரு அவர் கையில். போன வருஷம் இங்கே டிஷ் மாட்ட வந்தவன் ஏணியைப் போட்டது போட்டபடி ஓடினான். அந்த ஏணி இன்னும் கேபிள் ஆபீசில்தான் இருக்கிறது.

"அக்கா, அவரைப் பார்த்துக்கறேன்னு போன்ல சொன்னீங்க..."

"இப்பவும் அதையேதான் சொல்றேன். நீங்க வேலையைப் பாருங்க தம்பி."

அவனை வரவழைத்த வீட்டுக்காரி டிஷ்ஷின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு மாசா மாசம் எதுவும் கட்ட வேண்டாமே?"

"ஒண்ணும் கிடையாதுக்கா. டிஷ், பெட்டி, ஒயர். வானத்துல சும்மா வர்றதைப் பிடிச்சு வீட்டுக்குள்ள விடறோம்."

"பாடம் நடத்துற சேனல்?"

"அஞ்சாறு வரும்."

"அது போதும். பொண்ணு கணக்குல ஃபெயில். அடுத்த மாசம் திரும்ப எழுதறா. அந்த சேனலைக் கொடுங்கன்னு இவர்கிட்ட ஆறு மாசமாக் கேட்டேன். 'அதை எவன் பார்ப்பான்? ஃபெயிலானவ என் ஆபீசுக்கு வந்து பில் எழுதட்டும்'னார். நான் எதிர்த்துப் பேசினேன். நேத்து லைனையே பிடுங்கிட்டார்."

"உங்க பொண்ணு படிச்சா அவருக்கு என்னக்கா?"

"நீங்க போல்ட்டை இறுக்குங்க."

கீழிருந்து அடுத்த முழக்கம்.

"இன்னைக்கு நீ மாட்டுவே, நாளைக்குத் தெருவே மாட்டும்! நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போகவா?"

"போட்டுக்கிட்டே போங்க. நல்ல வெயில்!"

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சண்டையை விலக்க ஒருவரும் வரவில்லை. ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதிர் மாடிக்காரர் மட்டும் கையை ஆட்டினார்.

"தம்பி, அங்க முடிச்சிட்டு நம்ம மாடிக்கும் வந்துட்டுப் போங்க!"

கேபிள்காரரின் முகம் செங்கல் நிறமானது.

மெக்கானிக் டிஷ்ஷை நூலளவு திருப்பினான். மூன்று எண்ணினான். மறுபடி நூலளவு. "அவசரப்பட்டா தப்பிப் போயிடும்க்கா. பெட்டிக்கு யோசிக்க நேரம் கொடுக்கணும்."

"வந்துச்சாடீ?" அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே டிவி முன்னால் இருந்த மகளிடம் கத்தினாள்.

"இல்லம்மா! சிக்னல் நாப்பதுலயே நிக்குது!"

"ஏய்! நான் மேல ஏறி வந்தேன்னா என்ன நடக்கும் தெரியுமா?" என்றார் கேபிள்காரர்.

"வாங்க! வந்தாத்தானே தெரியும்!"

இன்னொரு நூல். ஒன்று, இரண்டு, மூன்று.

"அம்மா! எழுபது! வந்துடுச்சு! கணக்கு டீச்சர் வந்துட்டாங்க!"

அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். கீழே கேட் படாரென்று திறந்தது. படிகளில் செருப்புச் சத்தம் இரண்டிரண்டாகத் தாவி ஏறியது.

"அக்கா, வர்றார்..."

"வரட்டும். கடைசி போல்ட்டை இறுக்குங்க. இனி அது ஒரு நூல்கூட அசையக் கூடாது."

அவன் இறுக்கினான். கை வியர்வையில் ஸ்பேனர் வழுக்கியது. அவள் டிஷ்ஷுக்கு முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கேபிள்காரர் மாடிக் கதவில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. டிஷ்ஷைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் மெதுவாகச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அடிதடிக்குத் தயாராகிறார் என்று மெக்கானிக் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

கழற்றிய சட்டையைக் கேபிள்காரர் துணிக்கொடியில் போட்டார்.

"சோறாவது போடுவியா, இல்ல அதையும் வானத்துலேர்ந்துதான் பிடிக்கணுமா?"

"போடறேன். உங்க பொண்ணு படிக்கிறா, சத்தம் போடாமச் சாப்பிடணும்."