உயிருள்ளதே வேண்டும்

கிறிஸ்துமஸ் மரம் நிஜமா, பிளாஸ்டிக்கா என்று முடிவு செய்ய அந்த மெத்தைக் கம்பெனியில் அன்று மூன்றாவது முறையாகக் கூட்டம் போட்டார்கள்.

வரவேற்பு மேஜைக்காரி வழக்கம்போல் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். வாசலில் வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதும், கூட்டம் என்றால் பேனாவோடு உள்ளே ஓடிவருவதும் பதினாறு வருஷமாக அவள் வேலை. குறிப்பெடுக்கிறவள் பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பேசு என்றும் சொன்னதில்லை.

ஸ்டோர் கீப்பர் பிளாஸ்டிக் கட்சி. கிடங்கில் பழைய மரம் ஒன்று பெட்டியோடு கிடக்கிறது, இரண்டு கிளைதான் குறைகிறது, அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டால் எவனுக்குத் தெரியப்போகிறது என்றார்.

மனிதவள மேடம் நிஜ மரக் கட்சி. பிளாஸ்டிக் என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்து, எதிரே இருந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் திருகித் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

மேலாளர் மதில்மேல் பூனை. மேடம் பேசினால் மேடம் பக்கம் தலையாட்டினார். ஸ்டோர் கீப்பர் பேசினால் அந்தப் பக்கம்.

ஒன்றரை மணி நேரம் போனது. உலகம் சூடாவதைப் பற்றிப் பேசினார்கள். காடு அழிவதைப் பற்றிப் பேசினார்கள். இலை உதிர்ந்தால் யார் பெருக்குவது என்ற இடத்தில் குரல் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் மேடத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடைசியில் பூனை குதித்தது.

“வாசல்ல நுழையிற மனுஷனை ஒரு உயிர்தான் வரவேற்கணும்,” என்றார் மேலாளர், நெஞ்சில் கை வைத்து. “பொம்மையை நிக்க வெச்சா அது மரியாதையா? நிஜ மரமே இருக்கட்டும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். பிறகு எழுதினாள்: தீர்மானம் ஒன்று, உயிருள்ள மரம்.

தீர்மானம் இரண்டு, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

வரவேற்பு மேஜையை எடுத்துவிட்டுத் தொட்டால் பேசும் திரை ஒன்றை வைப்பது. அதுவே வணக்கம் சொல்லும், பேரைக் கேட்கும், லீவு கேட்காது. மேஜையில் இருப்பவரை வருகிற வெள்ளிக்கிழமையோடு அனுப்பிவிடலாம். ஆட்சேபணை உண்டா? இல்லை.

மேஜையில் இருப்பவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“எழுதிக்கோங்கம்மா,” என்றார் மேலாளர்.

அவள் மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கை மட்டும் பழகிய தடத்தில் ஓடியது. வேலையை விட்டு அனுப்பப்படுபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை, முதலெழுத்தோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

ஸ்டோர் கீப்பருக்குத் தோற்ற எரிச்சல் இன்னும் தணியவில்லை.

“அதெல்லாம் சரி. உயிருள்ள மரம்னா தெனம் தண்ணி ஊத்தணுமே, யாரு ஊத்துறது? அந்தத் திரையா?”

மேடம் நகத்தைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் ஊத்துறேன் சார்.”

பதினாறு வருஷத்தில் அந்த அறையில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்புறம் என்ன? மரம் இருக்கிற வரைக்கும் இவங்களும் இருக்கட்டும். இருபது நாள்ல அது வாடிடும். அப்ப ரெண்டையும் சேர்த்து…” மீதியை இருமலில் விழுங்கினார்.

அவள் எழுதினாள்: தீர்மானம் மூன்று. மரம் உயிரோடு இருக்கும்வரை, அதற்கு நீர் ஊற்றும் பொருட்டு, இவரே பணியில் நீடிப்பார்.

எழுதிய வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இன்னொண்ணு. வெட்டின மரம் வேண்டாமே. உயிருள்ளதுன்னு பேசிட்டு வெட்டிக் கொண்டுவந்தா நல்லாவா இருக்கும்? தொட்டியில, வேரோடயே விக்கிறாங்க.”

மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இத்தனை நாள் இது நமக்குத் தோன்றவில்லையே என்று உருகினார். மேலாளர் தமக்கு முதலிலிருந்தே அந்த எண்ணம்தான் இருந்தது என்றார். ஸ்டோர் கீப்பர்கூடத் தலையாட்டினார். தொட்டி மரம் ஏகமனதாக நிறைவேறியது.

எல்லாவற்றையும் அவள் உரக்கப் படித்தாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கம்பெனியில் குறிப்பேட்டில் ஏறியது ஏறியதுதான். ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வர வேண்டும். வருகிறவர் மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பார். அதில் மூவருக்குமே விருப்பம் இல்லை.

வெளியே நடையில் ஸ்டோர் கீப்பர் அவளை எட்டிப் பிடித்தார். ஏதோ கணக்கு உதைக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஏம்மா, அந்தத் தொட்டி மரம் எத்தனை நாளைக்கு வரும்?”

அவள் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நூறு வருஷம்கூட இருக்குமாம் சார். தண்ணி மட்டும் தவறாம ஊத்தணும்.”